லினக்ஸில் பிரிண்டர்: மூளை எந்தப் பக்கம் இருக்கிறது?

பழைய மடிக்கணினியில் விண்டோஸ் திணறுகிறது என்று யாராவது கொண்டுவந்தால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுப்பது என் வழக்கம். வாங்கிப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "பிரிண்டர் வேலை செய்யுமா?" இதற்கு ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. "எந்தப் பிரிண்டர்?" என்று திருப்பிக் கேட்டாக வேண்டும்.

அப்படிக் கேட்டதும் பலர் முகம் மாறிவிடும், நான் நழுவுகிறேன் என்று நினைப்பார்கள். உண்மையில் விடை முழுக்க அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. சில பிரிண்டர்களை லினக்ஸில் செருகினால் கண்ணிமைக்கும் நேரத்தில் தயாராகிவிடும், விண்டோஸைவிட வேகமாகவே. வேறு சில பிரிண்டர்களோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போராட வேண்டியிருக்கும். இரண்டும் ஒரே கடையில், ஒரே விலையில், ஒரே அலமாரியில் இருந்திருக்கும்.

காரணம் புரிய ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லேசர் பிரிண்டருக்கு எழுத்து தெரியாது, படம் தெரியாது. அதற்குத் தெரிந்தது புள்ளி மட்டுமே. அங்குலத்துக்கு 600 புள்ளி என்றால் ஒரு ஏ4 தாளில் ஏறக்குறைய மூன்றரைக் கோடி புள்ளிகள். எந்தப் புள்ளி கறுப்பு, எந்தப் புள்ளி வெள்ளை என்று யாராவது ஒருவர் கணக்கிட்டாக வேண்டும். அந்தக் கணக்கைப் பிரிண்டரே போடுகிறதா, கணினி போட்டுக் கொடுக்கிறதா? கணினி போட்டால், முடிவைப் பிரிண்டருக்குச் சொல்லும் மொழி ஊருக்கே தெரிந்த மொழியா, அல்லது கம்பெனிக்கு மட்டும் தெரிந்த மொழியா? லினக்ஸில் பிரிண்டர் ஓடுவதும் ஓடாததும் இந்த இரண்டு கேள்விகளில் அடங்கிவிடும்.

1985இல் ஆப்பிள் லேசர்ரைட்டர் என்றொரு பிரிண்டரைக் கொண்டுவந்தது. விலை 6,995 டாலர். அதற்குள் இருந்த மோட்டோரோலா 68000 சில்லு 12 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. அதனோடு இணைத்த மேக்கின்டாஷ் கணினிக்குள் இருந்ததும் அதே சில்லுதான், ஆனால் ஓடியது சுமார் 8 மெகாஹெர்ட்ஸில். கணினியைவிடப் பிரிண்டருக்கு மூளை அதிகம்! அடோபி நிறுவனத்தின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியில் கணினி பக்கத்தை விவரித்து அனுப்பினால் போதும், புள்ளிக் கணக்கு முழுவதையும் பிரிண்டரே பார்த்துக்கொண்டது. போஸ்ட்ஸ்கிரிப்ட்டின் விதிகள் புத்தகமாகவே அச்சாகி வெளிவந்திருந்ததால் யார் வேண்டுமானாலும் அந்த மொழியைப் பேச முடிந்தது. லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் உலகம் அதைப் பிடித்துக்கொண்டது இயல்பு.

ஆனால் மூளையுள்ள பிரிண்டர் விலை அதிகம். அடோபிக்கு உரிமத் தொகை வேறு கட்ட வேண்டும். காலப்போக்கில் மேசைக் கணினிகள் வேகமாக வளர, கம்பெனிகள் எதிர்த்திசையில் யோசித்தன. கணினியில்தான் இவ்வளவு சக்தி இருக்கிறதே, பிரிண்டருக்குள் எதற்கு இன்னொரு கணினி? மூளையைக் கழற்றி, பிரிண்டரோடு பேச விண்டோஸில் போடும் டிரைவர் என்ற நிரலுக்குள் வைத்துவிட்டால் பிரிண்டர் பாதி விலைக்கு வந்துவிடும். வீட்டு லேசர் பிரிண்டர் நம் கைக்கு எட்டும் விலையில் வந்தது இப்படித்தான். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அப்படிக் கழற்றிய மூளை விண்டோஸில் மட்டுமே வேலை செய்தது. பிரிண்டருக்குப் போகும் மொழியின் விதிகளும் வெளியே வரவில்லை.

நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளிலும் பள்ளி அலுவலகங்களிலும் இன்றும் பார்க்கக் கிடைக்கும் எச்பி லேசர்ஜெட் 1020 இதற்குச் சரியான உதாரணம். அதன் நினைவகம் 2 எம்பி. 600 புள்ளிக் கணக்கில் ஒரு முழுப் பக்கத்தைச் சுருக்காமல் வைக்க 4 எம்பிக்கு மேல் வேண்டும். ஆக, ஒரு பக்கத்தைக்கூட அதனால் முழுசாக மனதில் வைத்துக்கொள்ள முடியாது. கணினி எல்லாவற்றையும் கணக்கிட்டு, சுருக்கி, துண்டு துண்டாக ஊட்ட வேண்டும். இன்னொரு விஷயமும் உண்டு. அந்தப் பிரிண்டரை இயக்கும் ஃபர்ம்வேர் என்ற அடிப்படை நிரல் அதற்குள் நிரந்தரமாக இல்லை. ஒவ்வொரு முறை ஸ்விட்ச் போடும்போதும் கணினிதான் அதை அனுப்பி எழுப்பிவிட வேண்டும். ரிக் ரிச்சர்ட்சன் என்ற நிரலாளர் அந்த மொழியைப் பிரித்துப் பார்த்து எழுதிய டிரைவரால்தான் பல வருடங்களாக லினக்ஸில் இவ்வகைப் பிரிண்டர்கள் ஓடின. எச்பியும் எச்பிலிப் என்ற தன் திறமூல (நிரலை எவரும் பார்த்து மாற்றக்கூடிய) டிரைவர் தொகுப்பை வெளியிடுகிறது. ஆனால் இந்த மாதிரி மாடல்களுக்கு மட்டும் மூடிய பிளகின் (துணை நிரல்) ஒன்றைத் தனியாக இறக்கியாக வேண்டும். இணையம் இல்லாத இடத்தில் நிறுவப்போனால் இந்த இடத்தில் சிக்கிக்கொள்வோம். அதே அளவு பரவலான கேனான் எல்பிபி 2900 கேப்ட் என்ற சொந்த மொழி பேசுவது. கணினியும் பிரிண்டரும் அதில் மாறி மாறிப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், ஒருவழிப் பேச்சு ஒத்துவராது. கேனான் தந்த லினக்ஸ் டிரைவரின் பகுதிகள் 32 பிட் காலத்தவை, புதிய லினக்ஸில் அவற்றை உட்காரவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஆர்வலர்கள் மொழியைக் கண்டுபிடித்து எழுதிய திறமூல டிரைவர் ஒன்றும் இருக்கிறது.

இதற்கு நேர்மாறாக, டிவிஎஸ் எம்எஸ்பி வகை டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ரேஷன் கடையிலும் பஸ் முன்பதிவிலும் கரகரவென்று ஓடுமே, அதுதான். அதற்கு எழுத்துகளை அப்படியே அனுப்பினால் அடித்துவிடும், எப்சனின் பழைய கட்டளைகள் புரியும். லினக்ஸுக்கும் அதற்கும் நடுவில் தகராறே வந்ததில்லை. விலையோ வயதோ இதில் பேச்சில்லை. மொழி தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மொழி மூடப்பட்டால் என்ன ஆகும் என்பதை முதலில் உணர்ந்து கோபப்பட்டவர்களில் ஒருவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். 1980ஐ ஒட்டிய காலம், எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகம். அங்கே இருந்த பழைய பிரிண்டரின் நிரலில் அவர் ஒரு சின்ன வசதி சேர்த்திருந்தார். தாள் சிக்கினால், பிரிண்டுக்காகக் காத்திருக்கும் எல்லாருக்கும் திரையில் செய்தி வரும், யாராவது எழுந்துபோய்ச் சரிசெய்வார்கள். அப்புறம் ஜெராக்ஸ் நிறுவனம் புதிய லேசர் பிரிண்டர் ஒன்றைக் கொடுத்தது. அதுவும் சிக்கியது, ஆனால் அதன் மூலநிரல் கொடுக்கப்படவில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் அது இருப்பது தெரிந்து நேரில் போய்க் கேட்டார். யாருக்கும் தருவதில்லை என்று கையெழுத்துப் போட்டிருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். எவரும் பார்க்கவும் மாற்றவும் கூடிய மென்பொருளை உருவாக்கும் குனு திட்டத்தை ஸ்டால்மன் 1983இல் அறிவித்ததற்குப் பின்னால் இந்த மறுப்புக்கும் பங்கு உண்டு. கட்டற்ற மென்பொருளின் கதை ஒரு பிரிண்டர் பக்கத்தில் தொடங்குகிறது என்பது எனக்கு எப்போதும் நெஞ்சில் தங்கும் செய்தி.

ஆனாலும் கட்டற்ற உலகத்தில் பிரிண்டர் சரியாக ஓட இன்னும் வெகுகாலம் ஆனது. பீட்டர் டாய்ச் 1988இல் கோஸ்ட்ஸ்கிரிப்ட்டை வெளியிட்டார். போஸ்ட்ஸ்கிரிப்ட் தெரியாத மலிவுப் பிரிண்டருக்காகக் கணினியே அந்த மொழியைப் படித்துப் புள்ளியாக்கிக் கொடுத்தது அது. பெர்க்லி யூனிக்ஸிலிருந்து வந்த பழைய வரிசை முறை வேலையை வாங்கி வரிசையில் நிறுத்தும், அதற்குமேல் அதற்கு ஒன்றும் தெரியாது. பிரிண்டரில் இரண்டு பக்கமும் அடிக்க முடியுமா, எந்தத் தட்டில் என்ன தாள் என்பதையெல்லாம் கேட்கவே வழியில்லை.

அந்த இடத்தைப் பிடித்ததுதான் கப்ஸ் என்ற அச்சு நிர்வாக மென்பொருள். மைக்கேல் ஸ்வீட் 1997இல் எழுதத் தொடங்கி 1999இல் வெளியே விட்டார். ஆப்பிள் 2002இல் தன் மேக் ஓஎஸ் டென்னில் அதைச் சேர்த்தது, 2007இல் மூலநிரலையே வாங்கி அவரையும் வேலைக்கு எடுத்துக்கொண்டது. மேக்கில் பிரிண்ட் எடுத்தாலும் லினக்ஸில் எடுத்தாலும் உள்ளே ஓடுவது ஒரே குடும்பம். 2019 இறுதியில் ஸ்வீட் ஆப்பிளை விட்டு விலகியபின், லினக்ஸ் பக்கத்தில் ஓபன்பிரிண்டிங் குழு கப்ஸைத் தொடர்ந்து வளர்க்கிறது. அதை நடத்தும் டில் காம்பேட்டரும் ஸ்வீட்டும் இன்றுவரை சேர்ந்தே வேலை செய்கிறார்கள். உலகம் முழுக்கத் தினமும் ஓடும் ஒரு பண்டத்தைச் சுமப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான்.

கப்ஸ் செய்வது இதுதான். லிப்ரே ஆபிஸில் பிரிண்ட் கொடுத்ததும் பக்கம் பிடிஎஃப்பாக மாறி கப்ஸிடம் வருகிறது. கப்ஸ் அதற்கு ஒரு எண் போட்டு வட்டில் வைத்து வரிசையில் நிறுத்துகிறது. பிறகு ஃபில்டர் எனப்படும் சிறு நிரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அந்த பிடிஎஃப்பைப் பிரிண்டருக்குப் புரியும் வடிவத்துக்குக் கொண்டுபோகின்றன. கடைசியில் நிற்பவர் யுஎஸ்பி கம்பியிலோ நெட்வொர்க்கிலோ அதை ஏற்றிவிடுகிறார். டிரைவர் என்று நாம் சொல்வது இந்தச் சங்கிலியில் நடுவில் நிற்கும் துபாஷியைத்தான். வெள்ளைக்காரன் காலத்து மதராஸில் இரண்டு பக்க மொழியும் தெரிந்த ஒருவரை நடுவில் வைத்து வியாபாரம் நடந்ததே, அதே வேலை. துபாஷி கிடைக்காத பிரிண்டர்தான் பெட்டிக்குத் திரும்பிப் போகும்.

துபாஷியே தேவையில்லாத காலம் வந்தது, அதுவும் எதிர்பாராத திசையிலிருந்து. 2010 நவம்பரில் ஆப்பிள் ஐபோனில் ஏர்பிரிண்ட் வசதியைக் கொடுத்தது. கைப்பேசியில் ஆயிரக்கணக்கான மாடல்களுக்கு டிரைவர் நிறுவ முடியாது. அதனால் பிரிண்டரே எல்லாருக்கும் பொதுவான ஒரு மொழியைப் பேசியாக வேண்டும். அந்த மொழி ஏற்கெனவே இருந்தது. ஐபிபி என்ற இணைய அச்சு நெறிமுறை 1999 முதலே எழுதி வைக்கப்பட்டிருந்தது, கப்ஸ் அதன்மேல்தான் கட்டப்பட்டிருந்தது. ஆப்பிளுக்காகக் கம்பெனிகள் அதைப் பிரிண்டருக்குள் வைத்தபோது லினக்ஸுக்கும் சேர்த்தே கதவு திறந்தது. 2013இல் இதே அடிப்படையில் ஐபிபி எவ்ரிவேர் என்ற பொதுத் தரமும் ஆண்ட்ராய்டு பக்கத்துக்காக மோப்ரியா கூட்டமைப்பும் வந்தன.

இப்போது புதிய வைஃபை பிரிண்டரை ஆன் செய்தால் அது வீட்டு நெட்வொர்க்கில் "நான் இங்கே இருக்கிறேன்" என்று கூவும். லினக்ஸில் அவாகி என்ற சேவை அதைக் கேட்கும். கப்ஸ் பிரிண்டரிடமே போய், "உனக்கு வண்ணம் வருமா, இரண்டு பக்கமும் அடிப்பாயா, என்னென்ன தாள் ஏற்பாய்?" என்று கேட்டுப் பட்டியலை வாங்கிக்கொள்ளும். நீங்கள் எதுவும் நிறுவாமலே பிரிண்ட் பெட்டியில் அதன் பெயர் வந்து நிற்கும். யுஎஸ்பி கம்பிக்கும் இதே ஏற்பாடு உண்டு. அலெக்சாண்டர் பெவ்ஸ்னர் எழுதிய ஐபிபி-யுஎஸ்பி என்ற சேவை, கம்பியில் செருகிய பிரிண்டரையும் நெட்வொர்க் பிரிண்டர்போலக் காட்டுகிறது. டெபியன் என்ற லினக்ஸ் வகையின் 2021இல் வந்த 11ஆம் பதிப்பிலேயே அது இருக்கிறது. ஸ்கேனருக்கும் இதே மாதிரி டிரைவர் வேண்டாத வழியை எழுதிக் கொடுத்தவர் அவரே.

ஆகவே புதிதாக வாங்கப்போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பெட்டியில் ஏர்பிரிண்ட் அல்லது மோப்ரியா என்று போட்டிருக்கிறதா பாருங்கள். "லினக்ஸ் சப்போர்ட் உண்டா?" என்று கடைக்காரரிடம் கேட்டால் அவருக்குத் தெரியாது. "ஐபோனிலிருந்து நேரடியாக பிரிண்ட் வருமா?" என்று கேட்டால் பளிச்சென்று பதில் வரும், இரண்டு கேள்விக்கும் ஏறக்குறைய பதில் ஒன்றே. அச்சடிக்க மட்டும் இது போதும்.

நிறுவும் வேலை என்று பார்த்தால், அமைப்புகளில் பிரிண்டர் பகுதிக்குப் போய்ச் சேர்த்தாலே பெரும்பாலும் முடிந்துவிடும். முடியாதபோது எனக்குப் பிடித்த இடம் கப்ஸின் சொந்தப் பக்கம். உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் என்று தட்டி, முக்காற்புள்ளி வைத்து, 631 என்று போட்டால் திறக்கும். வரிசைகள், வேலைகள், பிழைப் பதிவு எல்லாம் அங்கே இருக்கும். பெயரும் கடவுச்சொல்லும் கேட்டால் உங்கள் கணினிக் கணக்கையே கொடுக்கலாம், ஆனால் டெபியன், உபுண்டு வகைகளில் அந்தக் கணக்கு, பிரிண்டரை நிர்வகிக்க உரிமை தரும் எல்பிஅட்மின் குழுவில் இருக்க வேண்டும். ஒரே பிரிண்டர் இரண்டு பெயரில் தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஒன்று டிரைவர் வழியாக வந்தது, இன்னொன்று டிரைவர் இல்லாத வழியில் வந்தது. இரண்டிலும் சோதனைப் பக்கம் எடுத்துப் பார்த்து, நன்றாக வருவதை வைத்துக்கொள்ளலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் வராத சமயம் ஒன்று உண்டு. தாலுகா அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவருக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். பிரிண்டர் பழைய லேசர், மூளை இல்லாத வகை. டிரைவர் போட்டு, ஃபர்ம்வேர் ஏறி, பச்சை விளக்கும் வந்துவிட்டது. பிரிண்ட் கொடுத்தால் ஆரஞ்சு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறது. தட்டு நிறையத் தாள். கம்பியை மாற்றினேன், டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்த அண்ணன், "தம்பி, இந்தப் பட்டனை அமுக்கினா வரும்" என்று பிரிண்டரின் ஒரே பட்டனை அழுத்தினார். தாள் வந்தது. வருமானச் சான்று விண்ணப்பம். மேலே எல்லாம் ஒழுங்கு. கீழே "இடம், தேதி, கையொப்பம்" என்ற வரியில் பாதி இல்லை.

தாளைக் கையில் வைத்துப் பார்த்தபிறகுதான் எனக்கு விளங்கியது. லினக்ஸ் நிறுவும்போது மொழியை அமெரிக்க ஆங்கிலம் என்று தேர்ந்திருந்தேன். அமெரிக்காவில் வழக்கமான தாள் லெட்டர். அதன் உயரம் 279 மில்லிமீட்டர், நம் ஏ4 தாளின் உயரம் 297. அந்த 18 மில்லிமீட்டரில்தான் கையொப்பம் போயிருந்தது. பிரிண்டர் லெட்டர் தாளைக் கேட்டு விளக்கு மினுக்கிக் காத்திருக்க, நான் கம்பியைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். வரிசையின் இயல்புத் தாளை ஏ4 என்று மாற்றியதும் விளக்கு அடங்கியது. அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் மொழி அமைப்பில் இந்தியாவைத் தேர்கிறேன், அப்புறம்தான் பிரிண்டரைத் தொடுகிறேன்.

இதே போல ஏமாற்றும் இன்னொன்று, நின்றுபோன வரிசை. ஓடும்போது யாராவது கம்பியை இழுத்துவிட்டாலோ பிரிண்டரை அணைத்துவிட்டாலோ, கப்ஸ் பல கணினிகளில் அந்த வரிசையையே நிறுத்திவைத்துவிடும். கம்பியைத் திரும்பச் செருகினாலும் தானாகத் தொடராது. நாம் பிரிண்ட், பிரிண்ட் என்று கொடுத்துக்கொண்டே இருப்போம், வேலைகள் குவியும். கட்டளை தட்டும் சாளரமான முனையத்தில் எல்பிஸ்டாட் கட்டளை கொடுத்தால் வரிசை நிறுத்தப்பட்டிருப்பதை அது சொல்லிவிடும். கப்ஸ் பக்கத்தில் வரிசையைத் தொடரச் சொல்வதற்கு முன் குவிந்ததை ரத்து செய்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரே விண்ணப்பம் பன்னிரண்டு முறை வரும்.

தமிழ் அச்சு பற்றியும் சொல்ல வேண்டும். லிப்ரே ஆபிஸிலிருந்தோ உலாவியிலிருந்தோ பிரிண்ட் கொடுத்தால் தமிழ் சிதைவதில்லை, ஏனென்றால் கொம்பையும் காலையும் இடம் பார்த்து உட்காரவைக்கும் வேலையை ஹார்ஃப்பஸ் நூலகம் முன்பே முடித்து, எழுத்துருவையும் பிடிஎஃப்புக்குள் வைத்து அனுப்பிவிடுகிறது. ஆனால் வெறும் உரைக் கோப்பை முனையத்திலிருந்து நேராக வரிசைக்கு அனுப்பினால் நிலைமை வேறு. அதை மாற்றும் ஃபில்டர் ஆங்கிலம் போன்ற எழுத்துகளை ஒரே அகலத்தில் வரிசையாக அடுக்கத் தெரிந்தது. தமிழுக்குக் கட்டமோ கலைந்த கொம்போ வரலாம். கோப்பை ஒரு திருத்தியில் திறந்து அங்கிருந்து பிரிண்ட் எடுப்பதே வழி.

2024 செப்டம்பரில் சிமோனே மார்காரிடெல்லி என்ற பாதுகாப்பு ஆய்வாளர் கப்ஸைச் சுற்றியுள்ள நிரல்களில் நான்கு ஓட்டைகளை வெளியிட்டார். பிரிண்டர்களைத் தேடித் தரும் கப்ஸ்-பிரவுஸ்டு என்ற சேவை, யார் "நான் பிரிண்டர்" என்று சொன்னாலும் நம்பியது. பொய்ப் பிரிண்டர் ஒன்றை அப்படி நுழைத்துவிட்டால், நாம் அதில் பிரிண்ட் கொடுக்கும்போது வேறொருவரின் கட்டளை நம் கணினியில் ஓடிவிடும். திருத்தங்கள் உடனே வந்தன. புதுப்பித்து வைத்திருந்தால் கவலை வேண்டாம். வீட்டில் சாதாரண வைஃபை பிரிண்டர் மட்டும் இருந்தால் அந்தச் சேவை இல்லாமலும் கப்ஸ் அதைக் கண்டுபிடித்துவிடும், நிறுத்தியே வைக்கலாம்.

அடுத்து வரவிருக்கும் கப்ஸ் 3 பழைய பாணி டிரைவர்களை முற்றிலும் கைவிடப்போகிறது. அப்படியானால் கடைகளில் இருக்கும் பழைய பிரிண்டர்கள் என்ன ஆகும் என்ற கேள்வி எனக்கும் இருந்தது. ஓபன்பிரிண்டிங் குழு அதற்கு வைத்திருக்கும் விடை பிரிண்டர் அப்ளிகேஷன் என்ற சிறு நிரல். அது பழைய பிரிண்டருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, கணினியிடம் தன்னைப் புதிய ஐபிபி பிரிண்டராகக் காட்டிக்கொள்ளும், பின்பக்கம் பழைய மொழியில் பேசும். இவற்றை எழுதுவதற்கான அடிப்படை நூலகத்தை மைக்கேல் ஸ்வீட்டே எழுதிக் கொடுத்திருக்கிறார். துபாஷி கப்ஸுக்குள்ளிருந்து வெளியே வந்து தனிக் கடை போடுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

தாலுகா அலுவலகத்து எதிர்க்கடையில் அந்தப் பழைய லேசர் இன்னும் ஓடுகிறது. காலையில் ஸ்விட்ச் போட்டதும் கணினியிலிருந்து ஃபர்ம்வேர் ஏறிப் பச்சை விளக்கு வரச் சில நொடிகள் ஆகும். அண்ணன் அதற்குள் சாமி படத்துக்கு ஊதுவத்தி ஏற்றிவிடுகிறார்.